சாஸ்தா கோவிலில் இரண்டு பையன்களுக்கும் முடி இறக்கிக் காது குத்த: புறப்படுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

நாங்கள் இரண்டு முறை போனோம். முதல் முறை கார்த்திகை மாதம். பதினான்கு பேர் வேன் ஏறி, பொங்கல் பானை, மாலை, கட்டுச்சோறு எல்லாவற்றோடும் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பாபநாசம் வனச் சோதனைச்சாவடி வரை போய், மழையால் மலைப்பாதை அடைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் திரும்பி வந்தோம். மாமியார் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் முறை தை மாதம் போய், எங்கள் சாஸ்தாவான சொரிமுத்து அய்யனார் கோவிலில் (இந்தப் பக்கம் அய்யனாரைச் சாஸ்தா என்பார்கள்) மூத்தவனுக்கும் இளையவனுக்கும் முடி இறக்கி, காது குத்தி, பொங்கல் வைத்து நிறைவாகத் திரும்பினோம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். இந்தச் சீமையின் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும், பிழைப்புக்காக வெளியே போய்ப் பிள்ளை பெற்று இப்போது குலதெய்வத்தைத் தேடி வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. உங்கள் சாஸ்தா எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், "உங்களுக்கு எந்தச் சாஸ்தா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன் என்று கொடை (கோவில் விழா) கொடுக்கும் தெய்வங்கள் தனியாக இருக்கும். அவற்றுக்கும் மேலாகக் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாரும் அந்தக் கோவிலில் கூடுவார்கள். பிள்ளைகளின் முதல் முடியும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

என் மாமனார் சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, பிழைப்புத் தேடி வெளியே போனவர். அவர் காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாஸ்தா எது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் முன்னோர்களின் பெயர்களைப் பாருங்கள். சொரிமுத்து, கற்குவேல், தளவாய், பேச்சிமுத்து, இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்கள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. எங்கள் வீட்டில் மாமனாரின் தாத்தா பெயர் சொரிமுத்து. அந்த ஒரு பெயர்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு.

அடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகைகள். அவற்றின் தலைப்பில் எந்தச் சாமியின் பெயர் போட்டு "துணை" என்று அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே பத்திரிகையை நம்ப வேண்டாம். பெரியப்பா வழி, சித்தப்பா வழி என்று மூன்று நான்கு பத்திரிகைகளில் ஒரே பெயர் வந்தால் நம்பலாம். பிறகு பங்காளிகளில் மூத்தவர் யாரோ அவரைப் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி வைத்துவிடுவார்கள். நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் முறைகள் வெளியே வரும். சில ஊர்க் கோவில்களில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோவிலுக்கு வாங்குவது) எழுதிய நோட்டு இருக்கும். அதில் உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

பணம் வாங்கிக்கொண்டு குறி சொல்கிறவர்களிடம் முதலிலேயே போகாதீர்கள். எங்களிடம் ஒருவர் முற்றிலும் வேறொரு கோவிலைச் சொன்னார். அதை நம்பிப் போயிருந்தால் இன்னொரு குடும்பத்தின் சாமிக்கு முன்னால் நின்றிருப்போம்.

மூத்த பங்காளியிடம் மூன்று விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். முடி சாஸ்தாவுக்கா, திருச்செந்தூர் முருகனுக்கா? (சில குடும்பங்களில் முடி செந்தூரில், காது குத்து சாஸ்தா கோவிலில்.) படைப்பு சைவமா, கிடாய் உண்டா? கோவிலில் எந்தச் சாமிக்கு முதலில் கும்பிட வேண்டும்? இந்த மூன்றும் தெரியாமல் போனால் கோவில் வாசலில் நின்றுகொண்டு பெரியவர்கள் தர்க்கம் செய்வார்கள், பிள்ளைகள் வெயிலில் வாடும்.

2. வயதும் நாளும்

ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம்: ஒன்று, மூன்று, ஐந்து. இதில் நடப்பு வயதைக் கணக்கிடுவதா, முடிந்த வயதையா என்று வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் நடப்பு வயது. மூத்தவனுக்கு ஐந்து நடக்கிறது, இளையவனுக்கு மூன்று நடக்கிறது. இரண்டு பேருக்கும் ஒற்றைப்படை ஒத்து வந்ததால்தான் ஒரே நாளில் முடிக்கத் துணிந்தோம். அண்ணன் தம்பிக்கு இரண்டு வருட இடைவெளி இருந்தால் உங்களுக்கும் இப்படி அமையும். அந்த வருடத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு தனி விசேஷம் என்றால் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு.

ஆடியும் மார்கழியும் பொதுவாக விலக்கு. சொரிமுத்து அய்யனார் கோவிலில் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். பங்குனி உத்திரத்தன்று எந்தச் சாஸ்தா கோவிலிலும் நிற்க இடம் இருக்காது. அந்த நாட்களில் சாமி கும்பிடப் போகலாம். கைக்குழந்தைக்குக் காது குத்தப் போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதில்தான் நாங்கள் சிக்கினோம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு வரும் தை நாட்கள் எனக்குப் பிடித்தவை. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

நேரம் குறிக்கும்போது ஜோசியரிடம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தையும் சொல்லுங்கள். நாங்கள் புதன்கிழமை எடுத்தோம். புதனுக்கு எமகண்டம் 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. இடையில் மூன்று மணி நேரம் தெளிவாகக் கிடைத்தது. இளையவன் பதினொன்றரைக்கு மேல் கண் சொக்குவான். ஆகவே 9.15-க்குத் தொடங்கி 11-க்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். திங்கட்கிழமை என்றால் 7.30 முதல் 9 வரை ராகு காலம், பத்தரைக்கு எமகண்டம். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு பையன்களுக்கு அது போதாது.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கோவில் காரியத்துக்குத் தாள் எதற்கு என்று நினைக்காதீர்கள். இந்த நேரத்தில் சரி செய்யாவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தவிப்பீர்கள்.

பிறப்புச் சான்றிதழ். ஜாதகம் எழுதவும் பேர் சொல்லவும் எடுத்துப் பார்த்தபோதுதான் இளையவன் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் கவனித்தோம். பிறந்தவுடன் பதிவு செய்யும்போது பெயர் முடிவாகாததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். பதிவு செய்த ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் அலுவலகத்தில் இது நடக்காது. குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ, எங்கே பதிவானதோ அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும். இளையவன் பிறந்தது என் தாய்வீட்டு ஊரில். இது தெரியாமல் நான் இங்கே ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தேன். கடைசி நாளில்தான் ஒருவர் நிமிர்ந்து பார்த்து விவரம் சொன்னார். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இதுதான். ஆகவே பெயரின் எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்து வைக்க விரும்பினால் அதை இப்போதே முடிவு செய்து எழுதிக் கொடுங்கள்.

மருத்துவமனைச் சீட்டு. பிறந்த நேரம் பிறப்புச் சான்றிதழில் இருக்காது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில்தான் இருக்கும். ஜாதகத்துக்கு அதுதான் வேண்டும். மங்கிப் போகும் முன் நகல் எடுத்து வையுங்கள்.

தடுப்பூசி அட்டை. ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் முத்தடுப்பூசி ஊக்க ஊசி விட்டுப் போயிருந்தால், காது குத்துவதற்கு முன் போட்டுவிடுங்கள். அடுத்தது ஐந்து ஆறு வயதில். அதில் ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) பாதுகாப்பும் அடங்கும்.

புகைப்படம். மொட்டைக்கு முன்பே இரண்டு பையன்களுக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில்தான் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் வரும். ஐந்து வயதுக்குக் கீழ் எடுக்கும் நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து முடிந்ததும் கைரேகை, கண், படம் எல்லாம் புதிதாகப் பதிய வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. அந்த வேலை பாக்கி இருந்தால் முடி இறக்குவதற்கு முன் முடித்துவிடுங்கள், அல்லது முடி வளர்ந்த பிறகு போங்கள்.

பெரியவர்களில் இருவராவது அடையாள அட்டையை அசலாகக் கொண்டுபோங்கள்.

4. தாய்மாமனும் கடுக்கனும்

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு ஒரே தம்பி. இரண்டு பையன்களுக்கும் ஒருவனே மடி கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகக் கொடுக்கலாம், ஒருவனுக்கு முடித்து எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தால் போதும் என்றார்கள் பெரியவர்கள். மாமன் வெளிநாட்டில் இருந்தால் அம்மாவின் சித்தப்பா மகனோ பெரியப்பா மகனோ உட்காரலாம். அவர் வரவுக்காக வருடக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

கடுக்கன் மாமன் சீர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2 கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம் இல்லை. குழந்தைக் கடுக்கன் ஒரு ஜோடி ஒரு கிராம்கூட வராது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காகக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனை காரட், எத்தனை மில்லிகிராம் என்பது பில்லில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. கொக்கி உள்ள வளையம் வேண்டாம். சட்டை கழற்றும்போது மாட்டி இழுக்கும். பின்புறம் மழுங்கலாக, இறுக்கம் குறைத்துக் கூட்டத் தகுந்த திருகு உள்ளதாக வாங்குங்கள். காது வீங்கும்போது இறுக்கமான திருகு சதைக்குள் புதையும்.

குத்துவதற்கு ஆசாரியை முன்கூட்டியே பேசி அழைத்துப் போனோம். கோவில் பக்கம் யாராவது கிடைப்பார்கள் என்று நம்பிப் போவது தவறு. ஊசி புதியதா, கொதிநீரில் போட்டதா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் ஆசாரி முகம் சுளிக்காமல், எல்லாத் தாய்மாரும் இப்படிக் கேட்டால் நல்லது என்றார்.

5. செலவு

எங்களுக்கு இரண்டாம் பயணத்தில் ஆன கணக்கு: பாளையங்கோட்டையிலிருந்து வேன் 6,500 ரூபாய். முடி எடுப்பவருக்கு இரண்டு தலைக்கும் சேர்த்து 600, அதோடு வெற்றிலை பாக்கு, துண்டு. ஆசாரிக்கு 1,000. பொங்கல் சாமான் 1,400. மாலையும் பூவும் 700. பதினான்கு பேருக்குக் காலை இட்லியும் மதியச் சாப்பாடும் 3,200. ஆக 13,400 ரூபாய். தங்கம் இதில் சேராது. கார்த்திகையில் திரும்பி வந்த வேனுக்குக் கொடுத்த 4,000 தனி. வேன் பேசும்போதே, பாதை அடைத்திருந்தால் என்ன வாடகை என்று பேசி வைத்திருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

திருச்செந்தூரில் முடி இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறநிலையத்துறைக் கோவில்களில் 2021 முதல் முடி இறக்கக் கட்டணம் கிடையாது. வெளியே நின்று பணம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து ரயில் இருக்கிறது. பையன்களுக்கு வேனைவிட அது சுகம். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழா நாட்களைத் தவிருங்கள்.

6. பிள்ளைகளைத் தயார் செய்வது

இந்தப் பகுதியை நான் நீட்டித்தான் எழுதுவேன். ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இதில் கோட்டை விட்டால் அந்த நாள் அழுகையில் போய்விடும்.

கார்த்திகைப் பயணத்துக்கு முதல் நாள் ராத்திரி மூத்தவன் போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு விசும்பினான். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "சாமி கண்ணையும் குத்துமா, காதை மட்டுமா?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்ல, அதை அவன் மனத்தில் வைத்திருக்கிறான். நாங்கள் ஒரு மாதமாகக் "காது குத்து, காது குத்து" என்று வீடு முழுக்கப் பேசியிருக்கிறோம். இரண்டையும் சேர்த்து, செய்த குறும்புக்கெல்லாம் தண்டனை வாங்கத்தான் காட்டுக்குள் இருக்கும் சாமியிடம் போகிறோம் என்று முடிவு கட்டியிருக்கிறான் அந்த நாலு வயதுப் பிள்ளை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "சாமி கண்ணைக் குத்தும்" என்ற வார்த்தை கிடையாது. ஆச்சி, அத்தை, சித்தி என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் நிறுத்திவிடுங்கள். பிள்ளையை அடக்க அது அந்த நேரத்துக்கு உதவும். ஆனால் சாமியைப் பூச்சாண்டி ஆக்கிவிடும். பூச்சாண்டியிடம் யாரும் மனசாரக் கும்பிட மாட்டார்கள்.

மழையால் திரும்பி வந்தது எங்களுக்கு இரண்டு மாதம் கொடுத்தது. அதில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றும்போது இருவருக்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். மூத்தவன் எண்ணெய் ஊற்றுவான், இளையவன் மணி அடிப்பான். மணியைப் பிடித்தால் விடமாட்டான். விடாவிட்டால் பரவாயில்லை என்று விட்டோம். கும்பிட்டு முடித்ததும் திருநீறு பூசிவிட்டு, சாஸ்தாவைப் பற்றி இரண்டு வரி. காட்டுக்குள் இருப்பார், ராத்திரி குதிரையில் ஏறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார், நாம் தூங்கும்போது விழித்திருப்பார். அவ்வளவுதான். அடிக்கிற கதை, வெட்டுகிற கதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு ரூபாய் மஞ்சள் துணியில் போட்டு முடிந்து, விளக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம். ஒவ்வொரு வாரமும் மூத்தவன் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, கனம் கூடியிருக்கிறது என்று சொல்வான். அந்த முடிச்சைத் தானே அவிழ்த்து உண்டியலில் போட வேண்டும் என்ற ஆசைதான் கடைசியில் அவன் பயத்தை வென்றது.

முடி எடுப்பதையும் ஒத்திகை பார்த்தோம். ஈரத்துணியால் தலையை நனைத்து, சீப்பின் முதுகால் நெற்றியிலிருந்து பின்னால் மெதுவாக இழுப்பது. அப்பாவுக்கு மூத்தவன் செய்வான், தம்பிக்கு அப்பா செய்வார். காது குத்துவதைப் பற்றி வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். எறும்பு கடித்த மாதிரி ஒரு நிமிடம் வலிக்கும், மாமா பிடித்துக்கொள்வார், பிறகு காப்பரிசி கிடைக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தால் அடுத்த முறையும் உங்களை நம்புவார்கள்.

7. அந்த நாள்

கோவில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆகவே முதல் நாளே சோதனைச்சாவடியில் பாதை திறந்திருக்கிறதா, சொந்த வண்டியை விடுகிறார்களா, அடுப்பு மூட்ட எந்த இடத்தில் அனுமதி என்று விசாரித்துவிடுங்கள். பாபநாசத்திலிருந்து கோவில் இருக்கும் காரையாறுக்கு அரசுப் பஸ்ஸும் உண்டு. வண்டியைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாக்கெட், மது எதுவும் போகாது. துணிப்பை, எவர்சில்வர் குடம், வாழை இலைப் பொட்டலம் என்று வீட்டிலேயே மாற்றிக் கட்டுங்கள். விறகைக் காட்டில் பொறுக்கக்கூடாது; ஓலையும் சுள்ளியும் ஊரிலிருந்தே கொண்டுபோனோம். இருட்டும் முன் வெளியே வந்துவிட வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பினோம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வண்டியை நிறுத்திப் பையன்களுக்கு இட்லி கொடுத்துவிட்டோம். சாமி கும்பிடும் வரை பெரியவர்கள் விரதம் இருக்கலாம். குழந்தையைப் பட்டினி போட்டு மொட்டை அடிக்காதீர்கள்.

குரங்குகள் அதிகம். வாழைப்பழத் தாரைத் துணியால் மூடி, ஒரு ஆளைக் காவலுக்கு வையுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்: முடி, குளியல், புதுத்துணி, காது குத்து, பொங்கல் படைப்பு. பலர் காது குத்திவிட்டு ஆற்றில் முக்குகிறார்கள். புதுப் புண்ணில் ஆற்றுத் தண்ணீர் படக்கூடாது. ஆற்றிலும் பையன்களை இறக்காமல், படியில் உட்கார வைத்துச் செம்பால் ஊற்றுங்கள். மேலே அணை இருக்கிறது. தண்ணீர் மட்டம் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

முடி எடுப்பவர் ஆளுக்கொரு புது பிளேடு போட வேண்டும், அதை நம் கண்முன் உறை பிரிக்க வேண்டும். தலையை நன்றாக ஊறும்வரை நனைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் பாதி உலர்ந்த தலையில் கத்தி வைத்தால்தான் கீறல் விழும். மூத்தவனை முதலில் உட்கார வையுங்கள். தம்பியை அத்தை யாராவது சத்தம் கேட்காத தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும். எங்கள் கோவிலில் அதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. பக்தர்கள் கட்டிய மணிகளை மரமே விழுங்கிக்கொண்ட மணிவிழுங்கி மரம் ஒன்று நிற்கிறது. பட்டவராயர் சன்னதியில் நேர்ச்சையாகச் செருப்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். சாமிக்கு எதற்குச் செருப்பு என்று இளையவன் கேட்க, காட்டில் முள் குத்தாமல் நடக்க என்றாள் என் நாத்தனார். அவன் உடனே தன் செருப்பைக் கழற்றி நீட்டினான்.

காது குத்துவதற்கு முன் ஆசாரி மையால் இரண்டு காதிலும் புள்ளி வைப்பார். பிள்ளையை நேராக உட்கார வைத்து, முகத்துக்கு நேரே நின்று, இரண்டு புள்ளியும் ஒரே மட்டமா என்று நீங்களே பாருங்கள். மூத்தவனுக்கு இடது புள்ளி நெல் அளவு ஏறியிருந்தது. மாமியார்தான் கண்டுபிடித்தார். எச்சில் தொட்டு அழிக்கப் போன அவர் கையைப் பிடித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். துடைத்து மறுபடி வைத்தார்கள். இரண்டு கடுக்கனும் தட்டில் தயாராக இருக்க வேண்டும். ஒரு காது முடிந்ததும் நிறுத்தாமல் மறுகாது. நடுவில் சமாதானம் செய்ய நின்றால் இரண்டாவது காதைக் காட்டமாட்டான்.

மூத்தவன் அழுதான். ஆனால் என் தம்பியின் சட்டையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் கேட்டது மஞ்சள் முடிச்சைத்தான். இளையவன் குத்தும் வரை சிரித்துக்கொண்டிருந்து, பிறகு காடே அதிர அழுதான். வாயில் காப்பரிசி விழுந்ததும் நிறுத்திவிட்டான். மணி 10.40.

8. அடுத்த ஆறு வாரம்

மொட்டைத் தலைக்குக் கடையில் விற்கும் வண்ணச் சந்தனப் பொடி வேண்டாம். எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்கு அதனால் தலை முழுக்கத் தடித்துவிட்டது. கட்டையை வீட்டிலேயே உரைத்துப் பூசுங்கள். வெயிலில் போகும்போது பருத்தித் தொப்பி.

காதுக்குக் காலையும் மாலையும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் முன்னும் பின்னும் துடைத்தால் போதும். மஞ்சள், குங்குமம், எண்ணெய் எதையும் துளையில் வைக்காதீர்கள். கடுக்கனைத் திருகித் திருகிப் பார்க்கவும் கூடாது. ஆறு வாரத்துக்குக் கழற்ற வேண்டாம், ஆற்றுக்குளியலும் அருவிக்குளியலும் வேண்டாம். சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, திருகு சதைக்குள் இறங்கியிருந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். அண்ணன் தம்பி சண்டையில் ஒருவன் காதை ஒருவன் பிடித்து இழுப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய அபாயமாக இருந்தது. முதல் இரண்டு வாரம் இருவரையும் தனித்தனிப் பாயில் படுக்க வைத்தோம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் சாஸ்தாவின் பெயர், போகும் வழி, எந்தச் சாமிக்கு முதல் கும்பிடு, படைப்பு முறை, மூத்த பங்காளியின் பெயரும் ஊரும், இரண்டு பையன்களுக்கும் முடி இறக்கிய நாள், நட்சத்திரம், மடி கொடுத்த மாமன் பெயர் எல்லாவற்றையும் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பையிலேயே வையுங்கள். எங்கள் நோட்டில் கடைசி வரியை மூத்தவன் எழுதினான். அவனுக்கு இப்போதுதான் எழுத்து வருகிறது. "மணி மரம்" என்று எழுதியிருக்கிறான்.